நெற்றியிலிருந்து இறங்கிய மூக்கு

என் மூக்கின் இடது மடலில் மிளகு அளவுக்கு ஒரு பரு வந்தபோது நான் அதைச் சட்டை செய்யவே இல்லை. காலையில் பூனாவின் ஒரு மூலையான போபோடியிலிருந்து பஸ் பிடித்து கேம்ப் பகுதிக்குப் போய், ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் சரித்திரம் நடத்திவிட்டு, சாயங்காலம் அதே பஸ்ஸில் நசுங்கி வீடு திரும்புகிறவளுக்கு மூக்கைப் பார்க்க ஏது நேரம்? பரு பொருக்குத் தட்டும், உதிரும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். மஞ்சளை இழைத்துப் போட்டேன். நான் வைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மராத்திக்காரி கொடுத்த ஏதோ களிம்பையும் போட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும், "ஏ பிள்ள, அத ஒரு டாக்டர்ட்ட காட்டிரு" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "காட்டுதேன், காட்டுதேன், மூக்கு எங்கயும் ஓடிப் போயிராது" என்று ஒன்றரை வருஷத்தை ஓட்டினேன். கடைசியில் காட்டினபோது சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பி, புற்று என்று சொல்லிவிட்டார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை, உடம்பெல்லாம் பரவுகிற ஜாதி இல்லை, ஆனால் இருக்கிற இடத்தைத் தின்றுகொண்டே போகும், மூக்கின் இடது பாதியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். உயிர் போகாது என்பது என் காதில் ஏறவே இல்லை. மூக்கு போகும் என்பது மட்டும்தான் ஏறியது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். நாற்பது பிள்ளைகள் தினம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு ஓட்டையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் போய் நிற்பேன்?

அங்கிருந்து என்னை கேம்ப்பில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் அனுப்பினார்கள். மராத்திப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவர் இருக்கும். சின்ன உருவம், நிதானமான பேச்சு. அவர் மராத்தியும் இங்கிலீஷுமாகப் பேச, நான் ஹிந்தியும் அழுகையுமாகப் பதில் சொன்னேன். எடுத்த இடத்தில் புது மூக்கு செய்து தருவதாகச் சொன்னார். எங்கிருந்து செய்வீர்கள் என்று கேட்டேன்.

"உங்கள் நெற்றியிலிருந்து" என்றார். நெற்றித் தோலில் ஒரு துண்டை அறுத்து, திருப்பி மூக்கின் மேல் இறக்கித் தைப்பார்களாம். அந்தத் துண்டின் கீழ்முனை மட்டும் இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒட்டியே இருக்குமாம். அதன் வழியாகத்தான் ரத்தம் வரும். மூக்கில் வேர் பிடித்த பிறகு இணைப்பை வெட்டிவிடலாம், அதுவரைக்கும் மூன்று வாரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"அப்படின்னா மூணு வாரம் மூஞ்சியில தும்பிக்கையோட இருக்கணுமா?"

"ஆமாம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான் இந்தக் கூத்தை?"

டாக்டர் நாற்காலியைத் திருப்பி, பின்னால் சுவரில் மாட்டியிருந்த பழைய படத்தைக் காட்டினார். நெற்றியில் தழும்பு உள்ள ஒரு ஆணின் முகம். "நம் ஊர்க்காரர்தான்" என்றார். "பூனாவில்தான் நடந்தது. பேஷ்வா காலத்தில்."

படத்தில் இருந்தவர் மாட்டு வண்டிக்காரர். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு வண்டி ஓட்டப் போனவரை எதிரிகள் பிடித்து, மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். மூக்கில்லாமல் ஒரு வருஷம் இருந்தார். பிறகு பூனா பக்கத்தில் செங்கல் சுடுகிற குயவர் குலத்து ஆள் ஒருவரிடம் போனார். அந்தக் குடும்பத்தில் வெட்டுப்பட்ட மூக்கைச் செய்து கொடுப்பது வழக்கம். அவர் மெழுகை மெல்லிய தகடாகத் தட்டி மூக்கு மாதிரி பிடித்துப் பார்த்தார். அதையே விரித்து நெற்றியில் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். கோட்டின் மேல் கத்தியை ஓட்டித் தோலை எடுத்தார், புருவ நடுவில் மட்டும் விட்டுவிட்டார். கீழே திருப்பி ஒட்டவைத்து, வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவிக் கட்டினார். அதற்குப் பிறகு நெய்யில் நனைத்த துணி. தையலே கிடையாது. இரண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்திருக்கிறார்கள். சேதி லண்டன் பத்திரிகைக்குப் போனது, அங்கிருந்த டாக்டர்கள் படித்துவிட்டுத் தாங்களும் செய்து பார்த்தார்கள், உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

"இன்றைக்கும் பாடப் புத்தகத்தில் இதற்கு இந்திய முறை என்றுதான் பெயர்" என்றார் டாக்டர்.

அழுகை எங்கே போனதென்றே தெரியவில்லை. "இருபது வருஷத்துக்கு மேல பேஷ்வா சரித்திரம் நடத்துறேன். எந்தக் கோட்டையை யார் பிடிச்சான், எவன் காலை எவன் வாரினான், எல்லாம் இருக்கு. இதைப் பத்தி ஒரு வரி இல்லையே!" என்று அவரிடமே சண்டைக்குப் போனேன். அந்தக் குயவரின் பெயர் என்ன என்று கேட்டேன். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வண்டிக்காரர் பெயர் இருக்கிறது, பார்த்தவர்கள் பெயர் இருக்கிறது, செய்தவர் பெயர் தேடியும் தனக்குக் கிடைக்கவில்லை என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

பழைய சமஸ்கிருத வைத்திய நூல் ஒன்றில் இலையை மூக்கு அளவுக்கு வெட்டிக் கன்னத்தில் வைத்து, அந்த அளவுக்குத் தோலை எடுத்துத் திருப்பச் சொல்லியிருக்கிறது என்றும் சொன்னார். நூலிலிருந்து குயவர் கைக்கு வந்ததா, கையிலிருந்து நூலுக்குப் போனதா என்று கேட்டேன். "தெரியாது. தெரிந்த மாதிரி சொல்லவும் மாட்டேன்" என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தோலை மொத்தமாக வெட்டி எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அப்படிச் செய்தால் அவ்வளவு கனமான தோல் பிழைக்காதாம். வெட்டாமல் விட்ட அந்த ஒரு விரல் அகலத்தில்தான் வித்தை இருக்கிறது. இது தெரிய வருவதற்குள் எத்தனை மூக்கு கறுத்து உதிர்ந்திருக்கும்? அத்தனைக்குப் பிறகும் அடுத்த ஆளை உட்காரவைத்துக் கத்தியை எடுத்தவனை என்னவென்று சொல்வது! மயக்க மருந்து கிடையாது, ஊசி கிடையாது. அந்த ஆளின் காலில் விழலாம் என்று இருந்தது.

ஆபரேஷன் அன்றைக்கு டாக்டர் தையல் நூல் வருகிற உறையின் தகட்டுத் தாளை வெட்டி என் மூக்கில் வைத்து அழுத்தினார். அதை விரித்து நெற்றியில் வைத்து ஊதா மையால் கோடு போட்டார். "மெழுகு எங்க?" என்று கேட்டேன். "இதுதான் எங்கள் மெழுகு" என்று சிரித்தார். எனக்கு ஞாபகம் இருக்கிற கடைசி விஷயம் அது.

கண் விழித்து ஒரு நாள் கழித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். நெற்றியில் கட்டு. புருவ நடுவிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு சதைக்கயிறு முறுக்கிக்கொண்டு மூக்குக்கு இறங்கியது. பார்த்ததும் கவிழ்த்து வைத்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி போடக்கூடாது, குப்புறப் படுக்கக்கூடாது, அந்தச் சதைமேல் எதுவும் அழுத்தக்கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். அழுத்தினால் ரத்தம் நிற்கும், ரத்தம் நின்றால் தோல் செத்துவிடும். ரோஸ் நிறமாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொன்னார் நர்ஸ். "இந்தக் கலர்ல ரோஸ் எங்கம்மா தெரியும்?" என்றேன். கன்னத்து நிறமே மூக்கிலும் இருந்தால் போதும், நீலம் பாய்ந்தால் உடனே ஓடி வாருங்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தேன். பெரிய வேடிக்கை என்னவென்றால், ஈ மூக்கில் உட்கார்ந்தால் எனக்கு நெற்றியில் ஊறியது. நரம்பெல்லாம் இன்னும் பழைய விலாசத்திலேயே இருந்தது. நான் நெற்றியில் விசிறுவேன், ஈ மூக்கில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். "சிரியுங்க, நல்லாச் சிரியுங்க. ஒங்களுக்கு வந்தா தெரியும்" என்பேன்.

முதல் வாரம் முடிவதற்குள் அந்தக் காரியம் நடந்தது. எங்கள் ஜெபக்கூட்டத்து அக்கா பார்க்க வந்தார்கள். எங்கள் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாக வந்து நிற்கிறவர்கள். தங்கமான மனசு. ஆனால் ஜெபம் பண்ண ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். பக்கத்து வீட்டு வைனியும் ஒரு தட்டில் அவல் போஹே கொண்டுவந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.

அக்கா கைப்பையிலிருந்து ஜெப எண்ணெய்க் குப்பியை எடுத்தார்கள். வியாதிக்காரருக்கு நெற்றியில் எண்ணெய் வைத்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். "நெத்தியெல்லாம் கட்டு போட்டிருக்காவளே" என்று சொல்லிக்கொண்டே கட்டுக்குக் கீழே இடம் தேடி, கட்டைவிரலைப் புருவ நடுவில் வைத்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தாகிவிட்டது.

ஆரம்பித்த ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறப்பதோ பேசுவதோ எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். அடுப்பில் குக்கர் விசில் அடித்தாலும் ஆமென் வரைக்கும் அடித்துக்கொண்டேதான் இருக்கும். நானும் கண்ணை மூடிக்கொண்டேன், என் வீட்டுக்காரரும் மூடிக்கொண்டார். டாக்டர்களுக்காக, நர்சுகளுக்காக, என் பள்ளிக்கூடத்துக்காக, மழைக்காக, அரசாங்கத்துக்காக ஜெபம் போய்க்கொண்டே இருந்தது. உருக்கம் கூடக்கூடக் கட்டைவிரலும் அழுந்திக்கொண்டே வந்தது. வலிக்கவில்லை, பாரமாக மட்டும் இருந்தது. எடுங்கள் அக்கா, எடுங்கள் அக்கா என்று மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். ஊரையே வாயால் விரட்டுகிறவளுக்கு அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

அந்த அறையில் கண்ணைத் திறந்துவைத்திருந்த ஒரே ஆள் வைனிதான். திடீரென்று அவள் போட்ட சத்தத்தில் நான் துள்ளிவிட்டேன். "அஹோ தாயீ, ஹாத் காடா! நிளம் ஜாலய்!"

கையை எடுங்கள், நீலமாகிவிட்டது என்கிறாள். அக்கா வெடுக்கென்று கையை எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் வெளிறியதைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைப் பிடுங்கிப் பார்த்தேன். புது மூக்கு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

"கொன்னுட்டியளே அக்கா! என் மூக்கக் கொன்னுட்டியளே!" என்று அலறினேன். அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். என் வீட்டுக்காரர் போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பினார். உடனே வாருங்கள் என்று பதில் வந்தது. ஆட்டோவில் நான் நடுவில், இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அக்கா. கட்கி தாண்டுகிற வரைக்கும் நெரிசல். ஒரு சிக்னல் விடாமல் எல்லாம் சிவப்பு. அக்காவின் அழுகை சகிக்காமல், "அழாம வாங்க, நான்தான் அழணும்" என்று அதட்டினேன். மறுபடியும் ஒரு துண்டு எடுக்க என் நெற்றியில் இடமில்லை என்று எனக்குத் தெரியும்.

டாக்டர் ஊசியால் மூக்கு நுனியைக் குத்தினார். நாவல்பழச் சாறு மாதிரி கறுப்பாக ரத்தம் கசிந்தது. "உயிர் இருக்கிறது. ரத்தம் உள்ளே வருகிறது, வெளியேதான் போக மாட்டேன் என்கிறது. தேங்கி நின்றால் தோலைக் கொன்றுவிடும்" என்றார். இரண்டு தையலைப் பிரித்துவிட்டுப் பார்த்தார். காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. டாக்டர் போனை எடுத்து யாரிடமோ மராத்தியில் "இருக்கிறதா? கொண்டு வாருங்கள்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆயுர்வேத வைத்தியர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஜீன்ஸ் பேன்ட், தோளில் பை, கையில் மூடிபோட்ட பிளாஸ்டிக் ஜாடி. ஜாடித் தண்ணீரில் கறுப்பாக ஏதோ நெளிந்தது. எட்டிப் பார்த்தேன். அட்டை!

"என் மூக்குல அட்டையா? ஐயோ, வேண்டவே வேண்டாம்!"

"உங்கள் மூக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்றார் டாக்டர். முதல் தடவையாக அவர் குரலில் கண்டிப்பு இருந்தது. நான் மூக்கை நீட்டினேன்.

வைத்தியர் ஒரு அட்டையை எடுத்து மஞ்சள் தண்ணீரில் விட்டார். தூக்கத்திலிருந்து எழுப்புவது போல அது சுறுசுறுப்பாகியது. நல்ல தண்ணீரில் அலசி, ஈரத்துணியால் பிடித்து என் மூக்கு நுனியில் வைத்தார். எனக்குக் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது, அதுவும் நெற்றியில். கழுத்தை வளைத்து அட்டை குடிக்க ஆரம்பித்தது. கெட்ட ரத்தம் தேங்கின இடத்தில் அட்டை விடுவது அவர்கள் வைத்தியத்தில் ஆதிகாலத்து வழக்கம் என்று வைத்தியர் சொன்னார். "என் டாக்டர் படிப்பில் இது இல்லை" என்றார் டாக்டர். "நடுவில் நாங்கள் கைவிட்டோம். பிறகு பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் ஒட்டுத் தோலைக் காப்பாற்ற அட்டையைத் தேடிப் போனபோதுதான் நாங்களும் திரும்பிப் பார்த்தோம்." அட்டை கடிக்கும்போது அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாதாம். அது விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், அதுதான் தங்களுக்கு வேண்டும் என்றார். இரண்டு பேரும் என் மூக்கின் மேல் குனிந்து, பழைய கூட்டாளிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

அட்டை கொழுத்து உருண்டு தானாக விழுந்தது. நர்ஸ் துணியை மாற்றிக்கொண்டே இருந்தார். கதவோரம் நின்ற அக்கா மெதுவாகக் கிட்டே வந்து பார்த்தார்கள். "ஆண்டவரே, இந்தப் பூச்சிக்காவ ஒமக்கு ஸ்தோத்திரம்" என்றார்கள், இந்தத் தடவை கண்ணை நன்றாகத் திறந்துவைத்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்காதீர்கள் என்றார், மூக்கு அசைகிறதாம்.

என்னை வார்டில் வைத்துக்கொண்டார்கள். இன்னும் சில அட்டைகள் வந்து போயின. கத்திரிக்காய் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒருநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தேன். மூக்கு கறுப்புதான், ஆனால் என் கறுப்பு. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வைத்தியரிடம், "ஒங்க அட்டைக்கு நான் கோயில் கட்டணும்" என்றேன். அவருக்குத் தமிழ் புரியவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

சொன்னபடி இணைப்பை வெட்டினார்கள். மூக்கு நின்றது. கொஞ்சம் தடிமன், நெற்றியில் ஒரு நீளக் கோடு, மற்றபடி மூக்குதான். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் குயவரின் கதையைச் சொன்னேன். வைனிக்கு மூன்று தடவை சொல்லியிருப்பேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். முன்முடியை வெட்டி நெற்றிக் கோட்டை மறைத்தேன். எல்லோரும் சளி என்று நினைத்திருப்பார்கள், நானும் அவ்வப்போது இருமிக்கொள்வேன்.

"எத்தன நாளைக்கிட்டி மூஞ்சிய மூடிட்டுத் திரிவ?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"என் மூஞ்சி, என் துணி. ஒங்களுக்கு என்ன?" என்றேன். ஆனால் மனசு குறுகுறுத்தது. பயமாக இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஒரு பிள்ளை சிரித்துவிட்டால் அதற்கப்புறம் நான் அந்த வகுப்புக்குள் போக மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் டாக்டர் போன் செய்து, ஒரு உதவி வேண்டும், பள்ளிக்கூடம் விட்டதும் வர முடியுமா என்று கேட்டார். போனேன். அவர் அறையில் ஒரு வெளியூர்ப் பெண் தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். சேலைத் தலைப்பால் முகத்தைக் கண்வரைக்கும் மூடியிருந்தாள். அவள் புருஷன் சந்தேகப்பட்டு அரிவாளால் மூக்கை அறுத்துவிட்டான், இப்போது ஜெயிலில் இருக்கிறான். ஆபரேஷன் வேண்டாம் என்கிறாளாம். டாக்டர் காட்டிய போட்டோக்களையெல்லாம் பார்த்துவிட்டு, இதெல்லாம் மொபைலில் செய்கிற படம் என்று சொல்லிவிட்டாளாம். சுவரில் இருந்த வண்டிக்காரரும் அவளுக்கு ஒரு படம்தான்.

டாக்டர் என் மாஸ்க்கைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். வராந்தாவில் உட்கார்ந்து ஓவென்று அழுத எனக்கு ஒரு வியாதி வந்தது. இவளுக்குக் கூடவே படுத்து எழுந்தவன் கையால் வந்திருக்கிறது. மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் போட்டேன். முன்முடியை ஒதுக்கிவிட்டு, நாற்காலியை இழுத்து அவள் முழங்காலில் முழங்கால் படுகிற மாதிரி உட்கார்ந்தேன்.

"நெற்றியிலிருந்து எடுத்தது" என்றேன் எனக்குத் தெரிந்த மராத்தியில். "தொட்டுப் பார்."

அவள் நெற்றிக் கோட்டில் விரலை வைத்துப் புருவ நடு வரைக்கும் இறக்கினாள். மூக்கைத் தொட்டாள். பிறகு, ஒட்டு வேலை கையோடு வந்துவிடுமோ என்று சந்தேகப்பட்டவள் போல, இரண்டு விரலால் பிடித்து இழுத்தே பார்த்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா, "ஏய், விடு" என்று அதட்டினாள். பெண் விடவில்லை. நன்றாகப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள். "நத் போடலாமா?"

மராத்திக் கல்யாணப் பெண்கள் முத்துக் கோத்துப் போடுவார்களே, அந்த மூக்கணி. ஒரு வருஷம் நன்றாக ஆறட்டும், அப்புறம் குத்திப் போடலாம் என்றார் டாக்டர்.

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் மூக்குக் குத்திக்கொள்வதில்லை. நானும் இத்தனை வயதுவரை போட்டதில்லை. இருந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "பெரிசாப் போடு" என்றேன். "இருக்கறதுலயே பெரிசா. அவன் வெளியே வந்து தூரத்துல நின்னு பார்த்தாலும் கண்ணைப் பறிக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. முகத்துத் தலைப்பை மெதுவாக இறக்கித் தோளில் போட்டாள். நான் பார்வையை விலக்காமல் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்து, "உத்யாச் கரா" என்றாள். நாளைக்கே செய்யுங்கள்.